கூரை போனால் யார் பொறுப்பு?

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயல் நம் நாட்டுக்கு வராது என்று நெடுநாள் நம்பியிருந்தோம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு அந்த நம்பிக்கை போயிற்று. விடிய விடிய அடித்த காற்றிலும் மழையிலும் இத்தீவும் செபராங் பிறையும் வெள்ளக்காடாயின, எழுவர் மாண்டனர். 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எங்கோ தைவான் பக்கம் சுழன்ற லெக்கிமா சூறாவளியின் பாதிப்பால் வீசிய பலத்த காற்று, பினாங்கிலும் கெடாவிலும் வீட்டுக் கூரைகளைப் பெயர்த்தது. தென்மேற்குப் பருவத்தில், வெட்டுக்குப் புறப்படும் விடியற்பொழுதில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராக் காற்றோ நாம் அறிந்ததே.

கூரை பறந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஏணியைச் சாத்தி, பழைய தகரத்தையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு ஏறுகிறோம். கைக்காசும் போகிறது, சில வீடுகளில் ஆளே விழுந்துவிடுகிறார். ஈரத் தகரத்தில் கால் நிற்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் பாரம் தாங்காது; உடைந்தால் அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதை அறுக்காதீர்; காய்ந்த நிலையில் கூட்டாதீர்.

முதலில் பிள்ளைகளையும் முதியோரையும் நனையாத வீட்டுக்கு அனுப்புங்கள். மழைநீர் விளக்குக் கம்பியில் இறங்கினால், ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடாதீர். ஆபீசுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். அப்புறம் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்: தேதி, வீட்டு எண், போன தகடுகள், நனைந்த அரிசி, படுக்கை, வீட்டில் இருக்கும் நோயாளி, குழந்தை. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீசின் கையெழுத்து வாங்குங்கள்.

இது கெஞ்சல் அன்று, சட்டம். 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. தாம் கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. பதில் வராவிட்டால் கமிட்டி மூலம் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. பக்கத்து வீட்டு வங்காளதேசத் தோழருக்கு எழுதத் தெரியாவிட்டால், அவருக்கும் சேர்த்து எழுதுங்கள். மழை அவர் வீட்டிலும்தானே பெய்கிறது!

ரிப்பேர் நடக்கும்போது கவனியுங்கள். காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை. மேலே உறிஞ்சி, உள்ளே புகுந்து, தூக்கிக்கொண்டு போகிறது. முதலில் கிளம்புவது ஓரத் தகடு. ஆகையால் ஓரங்களில் ஆணி நெருக்கமாக இருக்கவேண்டும். சட்டம் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்கப்படவேண்டும். உளுத்த மரத்தில் புது ஆணி அடித்தால் அடுத்த காற்றுக்கு அதுவும் பறக்கும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. புகார் வந்த நாளையும் பழுதுபார்த்த நாளையும் புத்தகத்தில் பதியுங்கள். தொழிலாளி சத்தமில்லாமல் தானே ஒட்டுப்போட்ட வீடு, ஆபீஸ் புத்தகத்தில் பழுதில்லாத வீடாகவே நிற்கும். பத்து ஆண்டு ஒட்டிய பிறகு, "இதுவரை யாரும் சொல்லவில்லையே" என்ற பதில்தான் கிடைக்கும்.

தோழர்களே, மரம் வெட்டுவது நம் வேலை. கூரையைக் காப்பது தோட்டத்தின் பொறுப்பு. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.