உப்பும் மண்ணும் உரைக்கும் ஊர்ப்பெயர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் அடியேன் பேசத் துணிந்தமைக்கு ஒரு கட்டி உப்பே காரணம்.

இந்நகருக்கு மாற்றலாகி வந்த புதிதில், என் மகன் செரியாமையால் வருந்தினான். இந்துப்பை மோரிற் கலந்து கொடுக்குமாறு ஊரிலிருந்து என் அன்னையார் தெரிவித்தார். கடைத்தெரு முழுதும் அலைந்தேன். அச்சொல் எவருக்கும் விளங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிய என்னிடம் காரணத்தைக் குறிப்பால் அறிந்த அண்டை வீட்டுப் பெரியவர், உள்ளே சென்று ஒரு கட்டியைக் கொணர்ந்து, "சேந்தா நமக்" என்றார். நாவில் இட்டுப் பார்த்தேன், அதுவே இந்துப்பு!

பின்னரே நிகண்டும் அகராதியும் புரட்டலானேன். சிந்து நாட்டு உப்பு வடமொழியில் 'சைந்தவம்'. அதுவே இந்தியில் 'சேந்தா'. 'சமணர்' என்பது 'அமணர்' ஆனாற்போல, 'சிந்து' தமிழில் 'இந்து' ஆயிற்று. திங்களைப் போல் வெண்மையானது என்று பொருள் கூறுவாரும் உளர். ஆயினும் ஊர்ப்பெயரே பொருந்துவதாம். சிந்து, ஜீலம் ஆறுகளுக்கிடையே அமைந்த உப்பு மலைத்தொடரில், கேவ்ராச் சுரங்கத்தில் இவ்வுப்பு இன்றும் வெட்டப்படுகிறது. 1947இல் அப்பகுதி பாகிஸ்தானைச் சேர்ந்தது. பெயரோ நம் அடுக்களையில் நிலைத்துவிட்டது.

முல்தானி மண் முல்தான் நகரை நினைவூட்டுகிறது. வைணவர் அணியும் கோபி சந்தனம், பெயரிற் சந்தனமாயினும், துவாரகைப் பக்கத்து மஞ்சள் மண்ணே. பீங்கானுக்குரிய 'கயோலின்' மண், சீனத்துக் கௌலிங் என்னும் குன்றின் பெயர் தாங்கியது.

தன்மையாற் பெயர் பெற்றனவும் உள. வெண்மையான காரம் வெங்காரம். உவர்நிலத்தில் பூத்தெழுவது பூநீறு. பளிங்கைக் குறிக்கும் 'ஸ்படிகம்' என்னும் சொல்லிலிருந்து நம் படிகாரமும் இந்தியின் 'பிட்கரி'யும் பிறந்தன.

ஆயினும் ஓசையை மட்டும் நம்புதல் ஆகாது. நவச்சாரத்தில் 'நவ' என்றிருப்பதால் ஒன்பது சாரம் என்று கொள்ளல் பிழை. 'நௌஷாதர்' என்னும் பாரசீகச் சொல்லோடு அதற்கு உறவு உண்டென்பர் அறிஞர்.

எங்கள் அலுவலகத்தில், புறப்பட்ட நிலையத்தின் பெயரில்லாத மூட்டை வந்தால் உரியவரைத் தேடி இடர்ப்படுவோம். இச்சொற்கள் அப்பெயரை அழியாது சுமந்து வந்துள்ளன. இங்கே பிறந்த நம் மக்களோ இந்துப்பை அறியார். புதிதாய் வருவோர் சேந்தா நமக்கை அறியார்.

ஆகவே ஒரு விண்ணப்பம். வீட்டு மருந்துச் சரக்குகளின் தமிழ்ப் பெயரையும் இந்நகரத்துப் பெயரையும் அருகருகே எழுதிய சிறு பட்டியல் ஒன்றை நம் சங்கம் தொகுத்து வழங்க வேண்டும். நள்ளிரவில் நோயுற்ற மகவோடு தவிக்கும் ஒரு தாய்க்கேனும் அது உதவும். அதன் முதல் வரியை அடியேன் எழுதித் தருகிறேன்.