ஸப்ரு என்பது மௌனம் அன்று

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

கீரிப்பாறையில் ஓர் உம்மாவின் நாள் ஸுப்ஹுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பால்வெட்டுக்குச் செல்பவருக்குச் சோறு கட்ட வேண்டும்; பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் அனுப்ப வேண்டும்; சிலர் தாமே தோட்ட வேலைக்கும் செல்ல வேண்டும். அந்த உம்மாவின் உடலில் ஒரு நோய் தலைகாட்டினால் அதை முதலில் அறிபவள் அவள். வீட்டார் அறிவதோ இறுதியில்தான். கேட்டால், "நான் ஸப்ரு செய்கிறேன்" என்பாள். ஸப்ரு என்றால் சொல்லாமல் இருப்பதுதானா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்வது ஹழ்ரத் அய்யூப் (அலை) அவர்களை. அன்னார் தம் துன்பத்தை வாய்திறந்து தம் இரட்சகனிடம் முறையிட்டதைத் திருக்குர்ஆன் 21-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அதே அய்யூப் நபியைப் பொறுமையாளர் என்று 38-ஆம் அத்தியாயம் புகழ்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் வருந்தியபோது, தமக்கும் தலை வலிப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆகவே வலியை வெளியிடுவது பொறுமைக்கு மாறானது அன்று. அல்லாஹ்வின் தீர்ப்பைக் குறைகூறுவதே மாறானது.

தாய்மார்களே! நோயுற்ற உம்மாவின் மனத்தில் மூன்று எண்ணங்கள் அலைமோதுகின்றன.

முதலாவது, "நான் செய்த பாவத்துக்குத் தண்டனையோ இது?" என்பது. மனிதர்களுள் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுபவர்கள் நபிமார்களே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். முஃமினின் காலில் தைக்கும் முள்கூடப் பாவத்தைக் கழுவும் என்றும் நவின்றிருக்கிறார்கள். அப்படியிருக்க, நோயாளியைப் பார்த்து "என்ன செய்தாயோ?" என்று கேட்கும் நாவை நாம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, "என் தொழுகையும் நோன்பும் குறைந்துபோயினவே" என்ற ஏக்கம். நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது, நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தது. தண்ணீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் உண்டு. குணமாகும் நோயாயின் நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையற்ற நோயாயின் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம். இன்னும் கேளுங்கள்: அடியான் நோயுறும்போது, உடல்நலத்தோடு இருந்த காலத்தில் அவன் வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் நன்மை அப்படியே எழுதப்படுகிறது என்பது புகாரியில் வரும் நற்செய்தி. உம்மாவே, நீங்கள் படுத்திருக்கும்போதும் உங்கள் ஏடு நிரம்பிக்கொண்டே இருக்கிறது!

மூன்றாவது, "நான் படுத்துவிட்டால் இந்த வீட்டை யார் பார்ப்பார்? செலவுக்கு எங்கே போவார்கள்?" என்ற கவலை. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆண்களாகிய நாம். ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போர் மூண்டபோது, நாயகத்தின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை, மனைவியைக் கவனித்துக்கொள்ள மதீனாவிலேயே இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும், போர்ப்பொருளில் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். நோயுற்ற மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதைக் குறைவாக எண்ணும் கணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். மார்பிலோ கருப்பையிலோ நோய் கண்ட பெண், வெட்கத்தால் அதை மறைக்கிறாள். மார்பில் தோன்றும் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் அவள் நாள்களைக் கடத்துகிறாள். தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். உயிரைக் காப்பதும் மார்க்கம் இட்ட கடமையே. பெண் மருத்துவரை நாடுவது முறை. அவர் கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி நாயகத்தின் திருமுன் வந்து தம் நோயைக் கூறினார். நோய் தாக்கும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யும்படியும் வேண்டினார். அந்தப் பெண்மணியிடம் வெட்கமும் இருந்தது, நோயைச் சொல்லும் துணிவும் இருந்தது.

நம் நாட்டு வரலாற்றிலும் படிப்பினை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் வீண்போகவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்று நமக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் எட்டும் தொலைவில் இருக்கிறது. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

ஜமாஅத்தார்களே! ஹிஜ்ரி 5-இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நோயாளிக்குப் பள்ளிவாசல் அன்றே இடம் கொடுத்தது. ஆகவே நம் மஹல்லாவில் காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் தாய்க்கும் துணை செல்பவருக்கும் பயணச் செலவு கொடுக்க பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பெண்களின் நோயை விசாரிக்க, விவரமறிந்த சகோதரிகள் இருவரை நியமியுங்கள். பிள்ளைகளே, "உம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள், "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்களின் நோய்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் சொல்லாத வலியை அறியும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்களை விட்டுப் பிரிந்த தாய்மார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.