வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு செய்தி



பாடசாலை விட்டு வந்த பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்காத தாய் அரிது. "ஒன்றுமில்லை" என்று விடை சொல்லாத பிள்ளையும் அரிது. பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு, ஒரு நாள் முழுவதும் தான் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் தொகுத்து, அதற்கொரு பெயரிட்டுக் கூறும் ஆற்றல் இன்னும் வாய்க்கவில்லை. தாய்க்கோ மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியவில்லை. பேச்சு அவ்வளவில் நின்றுவிடுகின்றது. இப்படியே வாரங்கள் கழிகின்றன, தவணையும் முடிகின்றது. முடிவில் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வருகின்றது. அதிலே கணிதத்துக்கு நேரே எழுதப்பட்ட குறைந்த புள்ளியைக் கண்ட பின்னரே, பிள்ளைக்கு ஏதோ விளங்கவில்லை என்ற செய்தி பெற்றாருக்கு எட்டுகின்றது. விளங்காமற்போன பாடம் நடந்ததோ இரண்டு மாதத்துக்கு முன்னர். அதன்மேற் கட்டிய பாடங்களும் அதற்குள் ஆட்டங்கண்டுவிட்டன.

இந்த நீண்ட மௌனத்தை உடைப்பதற்கு, ஆரம்ப வகுப்பாசிரியர் வாரத்துக்கு ஒரு முறை, "இவ்வாரம் வகுப்பிற் கற்றது இது" என்று பெற்றாருக்கு அறிவிக்கும் வழக்கம் பெரிதும் உதவும். சிறிய காரியம், செலவும் அதிகமில்லை. ஆயினும் அதனாற் காக்கப்படுவது ஒரு குழந்தையின் நம்பிக்கை.

பழங்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இத்தகைய அறிவித்தலுக்குத் தேவை இருக்கவில்லை. பிள்ளைகள் மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, உரத்த குரலிலே பாடங் கேட்பித்தனர். தெருவாற் போகிறவனுக்குக்கூட எந்தப் பிள்ளை எண்சுவடியில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றது என்பது காதில் விழுந்தது. கல்வி அந்நாளிற் செவிக்கு எட்டும் பொருளாக இருந்தது. அம்முறையிற் குறைகள் பலவிருந்தன; பிரம்பும் இருந்தது, பொருளுணராத மனப்பாடமும் இருந்தது. எனினும் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே மறைவு இருக்கவில்லை.

பின்னர் ஊர்தோறும் பாடசாலைகள் எழுந்தன. ஆசிரியர் பெரும்பாலும் அவ்வூரவராகவோ அவ்வூரிலே குடியிருப்பவராகவோ இருந்தார். கோயில் வீதியிலும், சந்தையிலும், கிணற்றடியிலும் பெற்றார் அவரைக் கண்டு பேசினர். இன்று பல ஆசிரியர் வேற்றூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, மணி அடித்ததும் அடுத்த பேருந்திலே திரும்ப வேண்டியவராக உள்ளனர். இது அவர்கள் குற்றமன்று, காலத்தின் போக்கு. ஆயின் அன்று வழியோரப் பேச்சினால் இயல்பாக நடந்ததை இன்று முயன்று செய்ய வேண்டியிருக்கின்றது.

1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன்பொருட்டு உழைத்த கன்னங்கரா அவர்களை நாடு நன்றியுடன் நினைக்கின்றது. கட்டணம் என்ற தடை நீங்கியதனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. பிள்ளைக்குத் திறந்த கதவு பெற்றாருக்கும் திறந்ததா என்பது வேறொரு கேள்வி. பாடசாலையிலிருந்து கடிதம் ஒன்று வந்தால், அது பணம் கேட்டு வந்திருக்கும், அல்லது பிள்ளையின் குற்றத்தைச் சொல்ல வந்திருக்கும் என்றே பல வீடுகளில் நினைக்கின்றனர். நல்ல செய்தி ஒன்றைச் சொல்வதற்காக மட்டும் பாடசாலை தங்களை நாடும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1998 ஆம் ஆண்டிற் கம்பகா மாவட்டத்திலும், 1999 இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றியது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்று வழிகளாற் குழந்தை கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. தரம் 1 இலும் 2 இலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம். மேலே செல்லச் செல்ல எழுத்து வேலை கூடும். இதனை அறியாத தந்தை பிள்ளையின் கொப்பியைப் புரட்டுகின்றார். இரண்டு பக்கமே எழுதப்பட்டிருக்கின்றது. "பள்ளிக்கூடத்திலே விளையாட்டுத்தான் நடக்கிறது" என்று சினந்து, மறுவாரமே பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றார். புளியங்கொட்டை வைத்து விளையாடிய விளையாட்டே கூட்டற் கணக்கு என்று ஒருவராவது அவருக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை மாலைப் பொழுதை இழந்திராது.

அறிவித்தலின் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். தரம் 3 இற் படிக்கும் பிள்ளை ஒன்று 42 இலிருந்து 17 ஐக் கழித்து 35 என்று எழுதுகின்றது. இது கவனக்குறைவன்று. ஒன்றின் தானத்தில் மேலே 2, கீழே 7. சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க இயலாதென்று எண்ணி, 7 இலிருந்து 2 ஐக் கழித்து 5 என்று வைத்துவிட்டது. ஆசிரியை இதனைத் திருத்துவதற்கு ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுக்கின்றார். நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் 42. ஏழு ஈர்க்கை எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் மூன்று கட்டும் பன்னிரண்டு ஈர்க்கும் ஆகின்றன. ஏழு போக ஐந்து. மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. பிள்ளை கண்ணாற் கண்டு, கையாற் செய்து உணர்கின்றது.

அதே பிள்ளை மாலையில் வீட்டிலே கணக்குச் செய்யும்போது, தந்தை தாம் பயின்றவாறு, "பக்கத்திலே ஒன்று கடன் வாங்கு" என்கின்றார். யாரிடம் கடன், ஏன் கடன், ஒன்று வாங்கினாற் பத்து எப்படி வரும் என்று பிள்ளை திகைக்கின்றது. தந்தை சொன்னதும் சரியே. ஆசிரியை காட்டியதும் சரியே. இரண்டும் ஒன்றென்று அறியாத குழந்தைதான் நடுவிலே அகப்பட்டு அழுகின்றது. நாளடைவில், "எனக்குக் கணக்கு வராது" என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கின்றது. ஏழு வயதில் எழுதிய அத்தீர்ப்பை எழுபது வயது வரை சுமப்பவர் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை, அரைத்தாளில் இவ்வளவு எழுதி அனுப்பினாற் போதும்: "இவ்வாரம் இரண்டு இலக்க எண்களைக் கழிக்கப் பழகினோம். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளைக் கொண்டு செய்தோம். எப்போது கட்டை அவிழ்க்க வேண்டும் என்பது சிலருக்கு இன்னும் கடினமாக இருக்கின்றது. வீட்டில் முப்பது ஈர்க்கை மூன்று கட்டாகக் கட்டி, அதிலிருந்து பன்னிரண்டை எடுத்துக் காட்டும்படி பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்த வாரம் காசுக் கணக்குத் தொடங்கும்."

ஐந்தே வசனங்கள். கற்றது எது, எப்படிக் கற்றது, கடினமானது எது, வீட்டிற் செய்யத்தக்கது எது, அடுத்து வருவது எது என்ற ஐந்தும் அவற்றில் அடங்கிவிட்டன. இவற்றோடு பெற்றார் ஏதேனும் எழுதுவதற்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக விட வேண்டும். "பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்கிறது" என்று ஒரு தாய் அதிலே எழுதினால், ஆசிரியை ஒரு தவணை முழுதும் தேடியும் காணாத காரணம் அந்த ஒரு வரியில் வெளிப்படலாம்.

இவ்விடத்தில் ஆசிரியர் சில வினாக்களை எழுப்புவர். அவை நியாயமானவை. முதலாவது, நேரம். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு வாரந்தோறும் தனித்தனியே எழுத எவராலும் இயலாது. எழுதவும் வேண்டியதில்லை. இது ஒவ்வொரு பிள்ளையின் குறைநிறையைக் கூறும் அறிக்கையன்று. வகுப்பு முழுவதற்கும் உரிய ஒரே செய்தி. பாடக் குறிப்பிலிருந்து அதனை எடுத்தெழுதப் பத்து நிமிடம் போதும். தரம் 3 முதல் மேல் வகுப்புகளில், கரும்பலகையில் எழுதிவிட்டாற் பிள்ளைகளே கொப்பியிற் பார்த்தெழுதுவர். அது அவர்களுக்கு எழுத்துப் பயிற்சியுமாகும். 2022 ஆம் ஆண்டிற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலத்திலும் இம்முறைக்கு வெண்கட்டி ஒன்று போதுமானது.

இரண்டாவது வினா, படிக்கத் தெரியாத பெற்றாருக்கு இதனால் என்ன பயன் என்பது. மலைநாட்டுத் தோட்டங்களிற் காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்மார் உளர். தாய் வெளிநாட்டில் உழைக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமார் உளர். அவர்களுக்குப் பிள்ளையே அச்செய்தியைப் படித்துக் காட்டட்டும். தான் கற்றதைத் தன் வாயாலேயே பாட்டிக்கு விளக்கும் பிள்ளை, அதனை மறுமுறையும் கற்கின்றது. கேட்கும் பாட்டி எழுத்தறியாதவராயினும், "எங்கே, அவிழ்த்துக் காட்டு" என்று சொல்ல அறிவார். அச்சொல்லே போதும்.

மேலும், கல்வியில் வீடு எப்போதும் வாங்கும் பக்கமும், பாடசாலை எப்போதும் கொடுக்கும் பக்கமும் என்று கொள்வது தவறு. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளிலே காற்றும் மழையும் பாடமாக வரும் வாரம், "வீட்டிலே காற்றுகளின் பெயரைக் கேட்டு வருக" என்று செய்தியில் ஒரு வரி சேர்த்துப் பார்க்கட்டும். கடற்கரையூர்த் தந்தை வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் வலை இறக்கலாம் என்றும் விளக்குவார். அப்பிள்ளை மறுநாள் வகுப்பிலே தலைநிமிர்ந்து நிற்கும். தன் தந்தைக்கும் அறிவு உண்டென்று பாடசாலை ஏற்றுக்கொண்டதைக் குழந்தை மறப்பதில்லை.

மூன்றாவது ஓர் ஐயம் பெற்றாரை நோக்கியது. வாரச் செய்தி கிடைத்தால், சிலர் அதனையே கோலாகப் பிடித்துக்கொண்டு வீட்டை இரண்டாவது பாடசாலையாக்கிவிடுவர் என்று அஞ்சுவோர் உளர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முதலாந் தரம் வரை நீண்டிருக்கும் நாட்டில் அந்த அச்சம் வீணானதன்று. ஆதலாற் செய்தியிற் புள்ளி இடம்பெறலாகாது; பிள்ளைகளின் பெயர் இடம்பெறலாகாது; ஒப்பீடு இடம்பெறலாகாது. வீட்டிற் செய்யச் சொல்லும் காரியமும் கால் மணி நேரத்துக்கு மேற்படாததாக, இயன்றவரை விளையாட்டோடு ஒத்ததாக இருத்தல் வேண்டும்.

கைத்தொலைபேசி பற்றியும் ஒரு சொல். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் வாட்ஸ்அப் வழியாகப் பாடங்களை அனுப்பினர். அப்போது உண்டான குழுக்கள் பல இன்றும் நிலவுகின்றன. எழுத்தறியாத பெற்றாருக்கு ஆசிரியையின் குரலையே அனுப்பலாம் என்பது அதன் சிறப்பு. ஆயின் எல்லா வீட்டிலும் அக்கருவி இல்லை; இருந்தாலும் மாத முடிவிற் பணமிராது. ஆகையாற் கொப்பியில் ஒட்டிய துண்டுக்கு அது துணையாகலாமே தவிர, ஈடாகாது. ஒரு பிள்ளையின் குறையைப் பலர் பார்க்கும் குழுவிலே கூறுவது, சபை நடுவே தாயைத் தலைகுனியச் செய்வதற்கு ஒப்பாகும். அத்தகைய பேச்சை நேரிற் பேசுவதே முறை.

பெற்றார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. செய்தியைக் கண்டதும், கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். "என்ன படித்தாய்?" என்பதை விட்டு, "ஈர்க்குக் கட்டை எப்போது அவிழ்ப்பீர்கள்?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் "ஒன்றுமில்லை" என்று சொல்வதில்லை. அது எழுந்தோடிப்போய் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை உருவிக்கொண்டு வரும். பிழையாகச் செய்தாலும் வீட்டார் ஏசாதிருப்பாராக. பிழையை அறிந்துகொண்டு, கீழே விடப்பட்ட இரண்டு வரியில் அதனைக் குறித்து அனுப்பினால், ஆசிரியை திங்கட்கிழமை அவ்விடத்திலிருந்தே தொடங்குவார்.

ஒரு வாரத்திற் பிறந்த ஐயத்தை மறுவாரம் தீர்ப்பது எளிது. தவணை கடந்தபின் தீர்ப்பது கடினம். ஆண்டுகள் கடந்தபின் தீர்க்க வருவோர் சிலரே. அதிபர்கள் இதனை ஆணையாக விதிக்காமல், ஒரு வகுப்பிலே தொடங்கிப் பார்க்குமாறு ஆசிரியரை ஊக்குவிக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், கட்டடத்தையும் விழாவையும் பற்றிப் பேசும் கூட்டங்களிலே கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். வருகின்ற வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பிலே ஐந்து வசனம் எழுதப்பட்டு, அவை முப்பத்தைந்து வீடுகளிற் படிக்கப்பட்டால், அன்று மாலை அந்த வீடுகளிலே பிள்ளையும் பெற்றாரும் பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கும்.