கருவின் முதற் பை

கோழிமுட்டையை உடைத்துக் காட்டி நான் பாடம் நடத்தியதுண்டு. அதன் மஞ்சட்கரு, குஞ்சுக்குத் தாய் கட்டிவைத்த கட்டுச்சோறு. மனிதக் கருவுக்கும் மஞ்சட்கருப் பை உண்டு. ஆனால் அதனுள் மஞ்சட்கரு இல்லை. பின் எதற்காக அது? கருவுற்ற மூன்றாம் வாரத்தில், குழந்தையின் முதல் இரத்த அணுக்கள் அப்பையின் சுவரிலேதான் தோன்றுகின்றன. நஞ்சுக்கொடி பொறுப்பேற்றபின், மூன்றாம் மாத முடிவுக்குள் அது சுருங்கி மறைகிறது.

சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைக்கும் பெண்கள் பலர். தாம் கருவுற்றதைத் திண்ணமாய் அறியுமுன்னரே அவர்களுள் இப்பணி தொடங்கிவிடுகிறது. ஆதலால், நாள் தள்ளியதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, போலிக் அமில மாத்திரை பெறுதல் நன்று. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் 12 வாரத்துக்குள் பதியச் சொல்கிறது. இதனை உங்கள் இல்லத்தாருக்கும் எடுத்துரையுங்கள்.