கால் மரத்துப் போகுதா? முதுகுத்தண்டைக் கவனிப்போம்!

(குள்ளஞ்சாவடி பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்று நம்ம இடுப்பைப் பற்றிப் பேசுவோம். முந்திரி உடைக்கவும், மல்லாட்டை ஆயவும், நாற்று நடவும், குடம் சுமக்கவும் இந்த இடுப்புதானே வேண்டும்!

இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் வலி இடுப்போடு நிற்காமல், பின்தொடை வழியாகப் பாதம் வரை இழுத்தால், மதமதப்பும் எரிச்சலும் இருந்தால், நரம்பு நசுங்குதோ என்று யோசிக்க வேண்டும்.

அது எப்படி நசுங்கும்? முதுகுத்தண்டில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நடுவில் மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறது. எலும்புகளுக்கு இடையில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வழிகள். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகள் இப்படிப்பட்ட வழிகளில்தான் வெளியே வருகின்றன. வயது ஏற ஏற ஜவ்வு வற்றி உயரம் குறையும். எலும்பு ஓரத்தில் முள் போல வளரும். தசைநார் தடிக்கும். வழி குறுகி, நரம்பு இறுகிவிடும். கழுத்தில் இப்படி ஆனால் தோள், கை, விரல் வரை வலிக்கும்.

ஒரு அடையாளம் சொல்கிறோம். சந்தைக்கு நடந்து போகும்போது கால் கடுத்து, பாதி வழியில் உட்காரத் தோணுதா? உட்கார்ந்தாலோ குனிந்தாலோ வலி குறையுதா? நிமிரும்போது வழி குறுகும், குனியும்போது சற்று விரியும். அதனால்தான் அப்படி. ஜவ்வு பிதுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, குனிந்தால்தான் வலி கூடும். எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதுவார்கள்.

"இடுப்பு வலியா? கர்ப்பப்பையை எடுத்துடு" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீங்க. நரம்பு நசுங்கி வரும் கால் வலி அதனால் போகாது. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கலாம், ஆனால் குறுகிய வழியை அது அகலமாக்காது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடலாம்.

வைத்தியம் என்ன? பலருக்கு அளவான மருந்தும், பிசியோதெரபி பயிற்சியும் போதும். வாரக்கணக்கில் படுத்தே கிடக்கக் கூடாது, முடிந்தவரை நடமாட வேண்டும். சிலருக்கு ஊசி போடுவார்கள், அது தற்காலிக நிவாரணம். பல மாதம் பார்த்தும் தீராதவர்களுக்கும், காலில் பலம் குறைந்துகொண்டே வருபவர்களுக்கும்தான் வழியை அகலமாக்கும் ஆபரேஷன்.

இனி சொல்வதை மறக்காதீங்க. சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ, இரண்டு காலும் துவண்டாலோ, அன்றைக்கே 108-ஐக் கூப்பிட வேண்டும். நாள் தள்ளினால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். "இதைப் போய் எப்படிச் சொல்றது" என்ற வெட்கம்தான் நம்ம பெண்களுக்கு முதல் எதிரி.

பணத்துக்கு என்ன செய்வது? வட்டிக்கு வாங்க ஓடாதீங்க. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வலி வந்தபிறகு அலைவதைவிட இப்போதே பதிவது நல்லது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் இரண்டு வேலை முடிக்கணும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் பட்டியல் ஒன்று எடுங்கள். கால் மரத்துப் போகிற அக்கா, அம்மா யாராவது இருந்தால், தனியாக விடாமல் ஒருத்தர் துணைக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நிற்கிற நாம், இதுக்கும் நிற்போம்.