கை முந்துமா, மனம் முந்துமா?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் முன் நீண்ட நேரம் பேசுவது முறையன்று. ஆகவே ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் எண்ணம் நம் செயலை ஆள்கிறதா, அன்றி நம் செயல்தான் நம் எண்ணத்தை ஆள்கிறதா?

இதில் என்ன ஐயம், எண்ணந்தான் முதல் என்று உடனே சொல்லத் தோன்றும். "எண்ணம் போல் வாழ்வு" என்பது நம் நாவில் ஊறிய சொல். மேடையேறுவோரும், "முதலில் மனத்தைத் திருத்துங்கள், மற்றவை தாமே திருந்தும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகின்றனர். ஆனால், "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று சொன்னவர்களும் நம் முன்னோரே. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எண்ணிப் பார்த்தா பழகுகிறது? முதலில் பழகுகிறது, எண்ணம் பிறகு வருகிறது.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கத்தி பிடித்தவர் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று, சரிவு சரியா, ஆழம் போதுமா, பட்டை மிகுதியாகப் போகிறதா என்று எண்ணி எண்ணி வெட்டுகிறார். அவ்வளவு எண்ணியும் மரத்தில் காயம் விழுகிறது. கைதேர்ந்தவரோ தலைவிளக்கின் வெளிச்சத்தில், அடுத்த நிரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வெட்டுகிறார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே அவருடைய கத்தி நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் காயம். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். வெகுதொலைவு முன்னதாக நின்றாலோ மங்கில் பால் குறையும். பாற்குழாய்கள் மிகுந்திருப்பது உட்பட்டையிலேதான். அந்த ஒரு மில்லிமீட்டரை எவ்வாறு அளந்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "கைக்குத் தெரியும்" என்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தகையவர், வேறொருவர் காயப்படுத்திய மரத்தைக் கண்டால் மனம் நோகிறார். அம்மரம் அவருடைய சொத்தன்று. அப்படியிருந்தும் நோகிறார். மரத்தின்மீது அக்கறை பிறந்து, அதனால் அவர் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக எடுத்தார், ஆண்டுகள் பல வெட்டிய பின்னரே அக்கறை வந்து சேர்ந்தது. கை நடந்த வழியில் மனம் பின்தொடர்ந்தது.

இது நல்ல திசையில் நடந்தது. தீய திசையிலும் இது நடக்கும், நடத்தவும்பட்டிருக்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். அவற்றோடு மற்றொன்றும் கேட்டனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்றிருந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலியும் மருந்தும் கேட்டது நமக்குப் புரிகிறது. சைக்கிளுக்கு என்ன அவ்வளவு அவசரம்? இறங்கி ஏறுவதால் ஒரு காசும் குறையாது, காலும் தேய்ந்துவிடாது. ஆனால் அன்றாடம் இறங்குகிறவனுக்கு அச்செயல் ஒரு பாடம் நடத்துகிறது. "நீ இறங்க வேண்டியவன்" என்று வாயால் ஒருமுறை சொன்னால் மனிதன் சினங்கொள்வான். உடம்பால் ஆயிரம் முறை செய்ய வைத்தால், அதுவே இயல்பு என்று நம்பத் தொடங்கிவிடுவான். பின்னால் அமர்ந்து வரும் சிறுவனும் எவரும் கற்பிக்காமலே அதைக் கற்றுக்கொள்வான். தாழ்ந்த எண்ணம் இருந்ததால் இறங்கினார்கள் என்பதைக் காட்டிலும், இறங்கி இறங்கியே அவ்வெண்ணம் வளர்க்கப்பட்டது என்பதே என் கருத்து. அவ்வழக்கத்தை வைத்தவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள் போலும்! அந்த வேலைநிறுத்தம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆயினும், கூலியோடு சைக்கிளையும் சேர்த்துக் கேட்ட அம்மக்களின் நுண்ணறிவை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

நாடு 1957இல் விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் வேறோர் இடர் வந்தது. வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அவ்வேளையில், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரே பங்கு சேர்ந்து தோட்டம் வாங்குவோம் என்றார். பங்குத் தொகை 100 வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலியே சில வெள்ளிகளாக இருந்த காலம் அது.

"நாமாவது தோட்டம் வாங்குவதாவது" என்று எண்ணியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அந்த எண்ணம் மாறட்டும், பிறகு பங்கு சேர்ப்போம் என்று காத்திருந்தால் ஒரு ஏக்கரும் வந்திராது. முதலில் பத்து வெள்ளி கை மாறியது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது; பிற தோட்டங்கள் தொடர்ந்தன. நாளைக்கு வேலை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், பத்து வெள்ளி கட்டி ரசீது வாங்கிய பிறகு, ரப்பர் என்ன விலை போகிறது, சங்கத்தின் கணக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது இயல்பே. உடைமையாளன் என்ற எண்ணத்தை அந்த ரசீது உண்டாக்கிற்று.

இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய உண்மையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்னும் இருவர் செய்த ஆய்வொன்று 1966இல் வெளிவந்தது. வீட்டு முற்றத்தில், "கவனமாக ஓட்டுங்கள்" என்னும் பெரிய, அழகற்ற பலகை ஒன்றை நிறுத்திக்கொள்ள இசைவீர்களா என்று வீட்டுக்காரர்களைக் கேட்டனர். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே இசைந்தனர். வேறு சில வீட்டாரிடம் இரண்டு வாரம் முன்னதாகச் சென்று, அதே கருத்துடைய கையளவுச் சீட்டு ஒன்றைச் சன்னலில் ஒட்டச் சொல்லியிருந்தனர். அவர்களிடம் பெரிய பலகையைப் பற்றிக் கேட்டபோது நூற்றுக்கு 76 பேர் இசைந்தனர்! சிறு சீட்டை ஒட்டியபோதே, "நான் இத்தகைய காரியத்தில் அக்கறையுள்ளவன்" என்று தம்மைப் பற்றித் தாமே எண்ணத் தொடங்கிவிட்டனர் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1884லேயே இன்னும் ஒருபடி மேலே சென்றார். கரடியைக் கண்டு அஞ்சி ஓடுகிறோம் என்பது தவறு. ஓடுவதனாலேயே அஞ்சுகிறோம் என்றார். பால்மரக் காட்டில் பன்றியிடம் அகப்பட்டு ஓடியவர்கள் இதனை ஒப்புவார்களா என்பது வேறு செய்தி.

சிறு சீட்டு பெரிய பலகையைக் கொண்டுவருவது போல, சிறு தவறும் தன் மூத்த அண்ணனை அழைத்து வரும். "இன்று ஒருநாள் மட்டும்" என்று தம்பியைப் பார்த்துக்கொள்ள மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துகிறோம். அன்று நம் மனம் சற்றே உறுத்தும். அடுத்த முறை உறுத்தல் குறையும். நான்காம் முறை, "பெண்ணுக்குப் படிப்பில் நாட்டம் குறைவு" என்று நாமே சொல்லத் தொடங்குவோம். அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? நம் செயலுக்கு நாம் தைத்துப் போட்ட சட்டை அது. மளிகைக் கடையின் 555 புத்தகமும் அவ்வாறே. முதற்பக்கத்தில் கடன் எழுதும்போது கூச்சம் இருக்கும், மூன்றாம் புத்தகம் வரும்போது, "கடன் இல்லாத குடும்பம் ஏது?" என்னும் தத்துவம் பிறந்துவிடும்.

அப்படியானால் எண்ணத்துக்கு வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சைக்கிளை விட்டு இறங்குவது இழிவு என்று யாரோ ஒருவர் முதலில் எண்ணாமல் அக்கோரிக்கை எழுதப்பட்டிராது. எந்தப் பக்கம் நடப்பது என்று காட்டுவதற்கு எண்ணம் வேண்டும். நடக்கும் வலிமை தனக்கு இருப்பதாக அது காட்டிக்கொள்ளும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். சம்பள நாளுக்கு முன்னிரவில் சாமி முன் சூடம் அணைத்து, "இனிக் குடிக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்தவர் பொய்யர் அல்லர்; அந்நேரத்தில் அவர் மெய்யாகவே அப்படி எண்ணினார். ஆனால் மறுநாள் கால் பழைய வழியிலேயே நடந்தது. அவர் சத்தியத்தோடு வழியையும் மாற்றியிருக்கலாம். சம்பளப் பணத்தை வாங்கிய கையோடு மனைவியிடம் கொடுத்துவிட்டு, கடை இல்லாத பாதையில் வீடு திரும்பியிருக்கலாம். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கப்பட்டபோது, தொழிலாளிக்குச் சேமிக்கும் எண்ணம் வரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. பணம் கைக்கு வருமுன்னே பிடித்தம் செய்யும் ஏற்பாட்டைச் சட்டமாக்கினார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, என் மகனுக்குப் படிப்பில் மனமே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்டார். அம்மா, மனத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாலையில் ஒரு குறித்த நேரத்தில், வீட்டில் ஒரு குறித்த மூலையில், விளக்கின்கீழ் அவனை உட்கார வையுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்களும் அரிசி புடைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ அவன் அருகில் இருங்கள். முதல் வாரம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். பிறகு ஒரு நாள், சும்மா இருக்கமாட்டாமல் புத்தகத்தைத் திறப்பான். சில பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம்.

நாளை இருள் பிரியுமுன் எழ வேண்டியவர்கள் நீங்கள். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.