இருளின் உள்ளே எரியும் விளக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கியத்துக்கு விளக்கு புதிதல்ல. அன்பையே விளக்காகக் கண்டு பாடிய ஆழ்வார் ஒருவர் நமக்கு உண்டு. கார்த்திகையிலே வாசலெங்கும் விளக்கீடு வைக்கிற மண் இது. பொழுதுபட்டும் விளக்கு வைக்காத வீட்டைக் கண்டால், அங்கே என்ன நடந்ததோ என்று அயலவர் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே, இறைவனின் அன்பு உலகுக்கு ஒளியாக வந்தது என்று கிறிஸ்தவ மறை சொல்லும்போது, அது தமிழ்ச் செவிக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. ஆனால், பழகிய உவமையிலே ஓர் ஆபத்தும் உண்டு. அதன் பொருளை நின்று கேளாமலே நாம் தலையசைத்து விடுகிறோம்.

யோவான் எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தைச் சற்று ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். ஒளி வந்தது, உடனே இருள் ஓடி மறைந்தது என்று அவர் எழுதவில்லை. இருளுக்குள்ளே எரிகின்ற ஒளியைத்தான் காட்டுகிறார். இருளும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. அந்த விளக்கை நூர்க்க இருளால் முடியவில்லை என்பதே அவர் தருகின்ற செய்தி. சூரியன் உதிப்பது வேறு, இராவிலே விளக்கு எரிவது வேறு. சூரியன் உதித்தால் இரவு முடிந்துவிடும். விளக்கோ இரவு முடியும்வரை நம்மோடு விழித்திருக்கும். நத்தார் இரவிலே கிறிஸ்தவர்கள் கொண்டாடுவது இப்படி விழித்திருக்கின்ற ஒளியைத்தான்.

இது வெறும் சொல்நயமா என்று கேட்கலாம். நமது குடாநாட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்லும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவானவருக்கு வீட்டிலே இடங்கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே ஒடுக்கிய காலம் அது. கோவில்கள் கைமாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்கர் தம்மிடையே குருவானவர் இல்லாமலே வாழ்ந்தனர்.

இந்தச் செய்தி கோவாவிலே ஒருவரின் நித்திரையைக் கெடுத்தது. 1651இல் பிறந்த யோசவ் வாஸ் அடிகளார்தான் அவர். துறவியர் குழுவொன்றின் தலைவராக, மதிப்போடும் பாதுகாப்போடும் இருந்தவர். அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுக் கூலியாளின் உடையிலே கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த வேளையிலே கடும் வயிற்றுளைவினால் சாகக் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். கழுத்திலே ஒரு செபமாலை தொங்கியது. அதைப் பார்த்து எந்த வீட்டார் கண் கலங்குகிறார்களோ, அவர்களிடமே தம்மை வெளிப்படுத்தினார்.

பின்பு சில்லாலையிலே தங்கி மறைபணி புரிந்தார். பகலிலே ஒளிந்திருப்பார். இரவிலே பூசை வைப்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், நோயாளரைச் சந்திப்பார். அன்றைய மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பகல் அவர்களுக்குப் பயமாக இருந்தது. இரவே அவர்களின் வெளிச்சமாயிற்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தனர். பலர் பிடிபட்டனர். ஒருவர் அடியின் கொடுமையால் உயிர்விட்டார். வேறு சிலர் கோட்டையிலே கடூழியம் செய்ய அனுப்பப்பட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பின்னர் வன்னிக்கு அப்பால் புத்தளம் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டியை அடைந்தார். அங்கும் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்டு ஓடிய நோயாளரைத் தேடிச் சென்று கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை.

1711இல் கண்டியிலேயே அவர் காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஆனால் அவருடைய வாழ்நாளிலே இருள் விலகியதா? இல்லை. அவர் மறைந்த பின்னும் 84 ஆண்டுகள் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடமே இருந்தது. அவர் அந்த இரவை முடித்து வைத்தவர் அல்லர். அதற்குள் வந்து நம்மவரோடு குடியிருந்தவர். அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் நமக்கு 'வியாகுலப் பிரசங்கம்' என்ற நூலைத் தந்தார். தவக்காலத்திலே நமது கத்தோலிக்கக் கிராமங்கள் அதை இராகத்தோடு வாசித்து அழுதன. துயரத்தை மறைக்காமல் வாய்விட்டு வாசிப்பதும் விளக்கேற்றுவது போன்றதுதான்.

இன்னொரு இரவும் நமக்கு நினைவிருக்கிறது. 1990இல் குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகரானது. அப்போது நம்மவர் ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றினார்கள். போத்தலின் கண்ணாடியே காற்றை மறித்தது. அந்தச் சுடரைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அது முற்றத்து இருளைக்கூட விரட்டவில்லை. ஒரு கொப்பியின் பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம் தந்தது. அது போதுமாயிருந்தது.

ஆனால், நேயர்களே, விளக்கே சிதறிய நாளும் உண்டு. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். விமானக் குண்டுகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வந்தவர்களுக்கு உதவிக்கொண்டு நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அடைக்கலம் தேடிய இடத்திலேயே மரணம் வந்தபோது இறைவனின் அன்பு எங்கே போனது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஒளியைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

இதற்கு விளக்கம் சொல்ல நான் முயலமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு விளக்கம் சொல்வது அவளை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும். கிறிஸ்தவ மறை ஒன்றை மட்டும் சொல்கிறது. சிலுவையிலே இயேசு தொங்கியபோது நண்பகலிலே இருள் சூழ்ந்ததாக நற்செய்திகள் கூறுகின்றன. அன்பே உருவானவர் அந்த இருளை வெளியே நின்று பார்க்கவில்லை, அதற்குள்ளேயே உயிர்விட்டார். ஆகவே நவாலியிலே இறைவனைத் தேடுபவர்கள் குண்டு போட்ட வானத்திலே தேட வேண்டாம். களைத்து வந்தவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்து, அவர்களோடு சேர்ந்தே மடிந்தவர்களின் அருகிலே தேட வேண்டும். ஆண்டுதோறும் யூலை 9இல் அங்கே சுடரேற்றி அவர்களை நினைவுகூருகிறார்கள்.

இன்று நமது வீதிகளில் மின்விளக்குகள் எரிகின்றன. ஆனாலும், காணாமற்போன மகனின் படத்தை மடியிலே வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார் நமது ஒழுங்கைகளிலே இன்னமும் இருக்கிறார்கள். இரவு முடிந்துவிட்டது, இனி மறந்துவிடுங்கள் அம்மா என்று அவர்களிடம் சொல்ல நம்மாலே முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு மாலைப்பொழுது அந்தத் திண்ணையிலே போய் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கலாம். அவன் சின்ன வயதிலே செய்த குழப்படிகளை அவள் சொல்லச் சொல்ல, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். செபமாலையோடு வீடு வீடாகச் சென்ற அந்தப் பிச்சைக்காரர் நமக்குக் காட்டிய வழி அதுதான்.